தாய்வீட்டுச் சாம்பல் கரிசலுக்கு ஆகுமா?

கேள்வி: எனக்குத் தாய்வீடு மார்த்தாண்டம் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்திருப்பது கோவில்பட்டி அருகே ஒரு கரிசல் காட்டு ஊர். அம்மா வீட்டில் விறகடுப்புச் சாம்பலை ஒரு பிடிகூட வீணாக்க மாட்டார்கள். தென்னந்தடத்துக்கும் வாழைக்கும் சேனைக்கும் அதைத்தான் போடுவார்கள். எல்லாம் செழிப்பாகவே வரும். அதே நம்பிக்கையில் இங்கே டீக்கடையிலிருந்து விறகுச் சாம்பலைச் சாக்கில் வாங்கிவந்து, தொட்டிகளில் வைத்திருக்கும் மல்லிகை, தக்காளி, கத்தரி, அவரை எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு கைப்பிடி போட்டு வந்தேன். இப்போது மல்லிகையின் கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தக்காளி வளர்ச்சி நின்றுவிட்டது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறது. அத்தையோ, “நம்ம மண்ணுக்குச் சாம்பல் எதுக்கு? செடியில பூச்சி விழுந்தா தூவு, அதோட சரி” என்கிறார். சாம்பல் உரமா, இல்லையா? எவ்வளவு போடலாம்? யூரியா, டி.ஏ.பி.யோடு கலக்கலாமா? உமிச் சாம்பலும் வறட்டிச் சாம்பலும் இதே மாதிரிதானா? மல்லிகையை எப்படித் தேற்றுவது?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா செய்வதும் சரி, அத்தை சொல்வதும் சரி. இரண்டு பேரும் அவரவர் மண்ணை அறிந்து பேசுகிறார்கள். இடையில் மாட்டிக்கொண்டது உங்கள் மல்லிகை.

சாம்பலில் என்ன இருக்கிறது?

விறகு எரியும்போது அதிலிருந்த தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. கந்தகத்திலும் பெரும்பகுதி அப்படியே. அடுப்பில் தங்குவது, மரம் வேர்வழியே மண்ணிலிருந்து எடுத்துச் சேர்த்த தாதுக்கள். அவற்றில் முதலிடம் சுண்ணாம்புக்கு. 100 கிலோ விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) சுமார் 5 கிலோ, மணிச்சத்து 1 முதல் 2 கிலோ இருக்கும். மக்னீசியம், துத்தநாகம், போரான், மாங்கனீசு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. மரத்துக்கு மரம் இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனால் மண்ணின் அமிலத்தை முறிக்கும் வேலையில் அதே 100 கிலோ சாம்பல் ஏறத்தாழ 40, 50 கிலோ சுண்ணாம்புத் தூளுக்குச் சமமாக நிற்கும். அதனால் சாம்பல் போடும்போதெல்லாம் முதலில் சுண்ணாம்பு போடுகிறோம், அதோடு கொஞ்சம் உரமும் போகிறது என்றுதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

புதுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் அதன் கார அமில நிலை (pH) 10-க்கு மேல் போகும். ஈரக் கையோடு அள்ளினால் தோல் வழவழப்பதும், வெட்டுக்காயத்தில் பட்டால் சுரீரென்று எரிவதும் இந்தக் காரத்தால்தான். காற்றும் ஈரமும் பட்டு நாளானால் காரம் சற்றே தணியும்.

அம்மா வீட்டில் ஏன் பலிக்கிறது?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமெல்லாம் செம்மண்ணும் சரளையும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடம். காலங்காலமாகப் பெய்த மழை அந்த மண்ணிலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து மூன்றையும் அரித்துக் கீழே கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய மண்ணில் அமிலம் தூக்கலாக இருக்கும். கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கிவிட்டால், மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மண்ணில் சாம்பல் விழுந்தால் அமிலம் தணிகிறது, கட்டுண்டு கிடந்த மணிச்சத்து செடிக்குக் கிடைக்கிறது, மழை கொண்டுபோன சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் ஓரளவு திரும்பி வருகின்றன. தென்னை, வாழை, மரச்சீனி, சேனை எல்லாமே சாம்பல் சத்தை நிறையக் கேட்கும் பயிர்கள். ஆகவே பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

மலைக்காடுகளில் மரத்தை வெட்டிச் சாய்த்து எரித்து, அந்த இடத்தில் தினையும் ராகியும் விதைத்த பழைய முறைக்கும், இலங்கையில் ‘சேனை’ எனப்படும் அதே வகைச் சாகுபடிக்கும் அடிப்படை இதுதான். எரித்த நிலத்தில் முதல் ஓரிரண்டு போகம் நன்றாக விளையும். மழை சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோனதும் விளைச்சல் விழும், அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

கரிசலில் ஏன் கெடுக்கிறது?

கோவில்பட்டிக் கரிசல் இதற்கு நேர்மாறு. மழை குறைவு, அதனால் சுண்ணாம்பு அரித்துப் போகாமல் மண்ணிலேயே தங்கிவிட்டது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கார அமில நிலை பெரும்பாலும் 8-ஐத் தொட்டு நிற்கும். கரிசல் களிமண்ணில் சாம்பல் சத்தும் பொதுவாகப் போதுமான அளவு உண்டு. ஆக, சாம்பல் கொடுக்கும் இரண்டு முக்கியப் பொருள்களும் அங்கே ஏற்கெனவே தாராளம்.

இன்னொன்று உங்கள் தண்ணீர். கரிசல் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். தொட்டிக்கு ஊற்ற ஊற்ற, அதிலிருக்கும் சுண்ணாம்பும் உப்பும் மண்ணில் ஏறுகின்றன. விளிம்பில் பூத்திருக்கும் வெள்ளை அதன் அடையாளம். அதற்கு மேல் நீங்கள் சாம்பலையும் போட்டீர்கள். தொட்டியில் தென்னை நார்க்கழிவு கலந்திருந்தால் அதிலும் இயற்கையாகவே சாம்பல் சத்து உண்டு.

காரம் கூடிய மண்ணில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு மூன்றும் கரையாத உருவத்துக்குப் போய்விடும். மண்ணில் இருக்கும், வேருக்குக் கிடைக்காது. இரும்புச்சத்து செடிக்குள் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு இடம் மாறாது. அதனால் பற்றாக்குறை முதலில் கொழுந்தில் தெரியும்: இலைப்பரப்பு வெளிறி மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும். முற்றினால் இலை ஏறக்குறைய வெள்ளையாகி ஓரம் கருகும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும், நரம்பும் சேர்ந்தே வெளிறும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இரும்புப் பற்றாக்குறையைத்தான் காட்டுகிறது. மல்லிகைக்கு இது அடிக்கடி வரும் கோளாறு. ஆனாலும் ஒரு தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்த்துவிடுங்கள். வேர் பழுப்பாகி அழுகியிருந்தாலும், நூற்புழுத் தாக்கி முடிச்சு முடிச்சாக இருந்தாலும் இலை மஞ்சளாகும். அதற்கு வைத்தியம் வேறு.

எவ்வளவு போடலாம்?

அமில மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராம் என்பது பாதுகாப்பான மேல்வரம்பு. சென்ட் கணக்கில் 4 கிலோ, ஏக்கருக்கு 400 கிலோ. இதைத் தொட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். 12 அங்குல வாய் உள்ள தொட்டியின் மேற்பரப்பு 0.07 சதுர மீட்டர்தான். அதற்கு 7 கிராம் வரும். ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. அதுவும் அமில மண்ணுக்கு, ஓர் ஆண்டு முழுவதற்கும். கைப்பிடிச் சாம்பல் 30 கிராம் என்று வைத்தால்கூட, வாரம் ஒரு பிடி என்பது மாதம் 120 கிராம். அமில மண்ணே 17 ஆண்டுகளில் கேட்கக்கூடிய அளவை, கார மண்ணுக்கு ஒரே மாதத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

அம்மா வீட்டில் இந்த வினை நேராததற்கு மண் மட்டும் காரணமில்லை. 100 கிலோ விறகு எரித்தால் மிஞ்சும் சாம்பல் ஒரு கிலோ அளவுதான். பட்டையும் சுள்ளியும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். நாளுக்கு 10 கிலோ விறகு எரிக்கும் வீட்டில் ஆண்டு முழுவதும் சேர்வது 36 கிலோ. அதைத் தென்னைக்கும் வாழைக்கும் கிழங்குக்கும் பகிர்ந்தால் எதற்கும் அளவு மீறாது. அடுப்பே அளவு வைத்துக் கொடுத்தது. டீக்கடைச் சாக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

தென்னைக்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு உதவும். காய்க்கும் நெட்டை மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதில் 60 விழுக்காடு சாம்பல் சத்து, அதாவது 1.2 கிலோ. இதை விறகுச் சாம்பலிலேயே ஈடுகட்ட நினைத்தால் மரத்துக்கு 24 கிலோ வேண்டும். அவ்வளவும் ஒரே தடத்தில் கொட்டினால் அமில மண்ணும் தாங்காது. மரத்துக்கு ஆண்டுக்கு 2, 3 கிலோ சாம்பலைத் தடம் முழுக்கப் பரவலாகத் தூவி மண்ணோடு கொத்திவிட்டால், ஒரு கிலோ சுண்ணாம்பு போட்ட பலன் கிடைக்கும். சாம்பல் சத்துத் தேவையில் பத்தில் ஒரு பங்கு அதில் வரும். மீதியை உரமாகத்தான் கொடுக்க வேண்டும். தேங்காய்க் கதம்பையும் மட்டையும் எரித்த சாம்பலில் சாம்பல் சத்து பல மடங்கு அதிகம், அதைத் தனியே சேர்த்து வைப்பது நல்லது. வாழைச் சருகு, தண்டு எரித்த சாம்பலும் அந்த ரகமே.

எதோடு கலக்கக் கூடாது?

யூரியா, அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. மூன்றோடும் சாம்பலைக் கலக்காதீர்கள். ஒரு பழைய கிண்ணத்தில் சிட்டிகை அம்மோனியம் சல்பேட்டும் சிட்டிகை சாம்பலும் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிற வாடை அது. டி.ஏ.பி.யிலும் இதேதான் நடக்கும். யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறும்போது பக்கத்தில் சாம்பல் இருந்தால் இழப்பு கூடும். சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்தால், கரையக்கூடிய மணிச்சத்தைச் சாம்பலிலுள்ள சுண்ணாம்பு இறுக்கிவிடும். சாம்பலுக்கும் இந்த உரங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

பச்சைச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோமியம் இவற்றோடு கலந்தாலும் அம்மோனியா இழப்பு உண்டு. குப்பைக் குழியில் மெல்லிய படலமாக இடையிடையே தூவலாம், குவித்துக் கொட்டக் கூடாது. மண்புழு உரத் தொட்டியில் தவிர்த்துவிடுங்கள். அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா, ஜீவாமிர்தம் என நுண்ணுயிர் சார்ந்த எதையும் சாம்பலோடு சேர்த்து இடாதீர்கள். அந்தக் காரத்தில் நுண்ணுயிர்கள் பிழைப்பது கடினம்.

முளைக்கும் விதை மேலும், பிடுங்கி நட்ட நாற்றின் தண்டைச் சுற்றியும் சாம்பல் குவிவதும் ஆபத்து. நாற்று வெந்துபோகும்.

அமில மண்ணிலும் எல்லாப் பயிருக்கும் சாம்பல் ஒத்துவராது. நீலகிரியில் தேயிலைக்கு அமில மண்தான் வேண்டும். உருளைக்கிழங்குக்குச் சாம்பல் போட்டால் கிழங்கின் தோலில் சொறிநோய் கூடும், அதை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு அமிலம் குறைந்த மண் வசதி. முட்டைக்கோசுக்கு மட்டும் கதை வேறு: வேர் வீங்கும் நோய் வருகிற நிலத்தில் அமிலத்தை முறிப்பது நோயைத் தணிக்கும். ஊட்டி வீட்டுத் தோட்டங்களில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்குத் தொடர்ந்து சாம்பல் போட்டால் பூ இளஞ்சிவப்புக்கு மாறும். அமிலம் குறையக் குறைய அலுமினியம் செடிக்குக் கிடைக்காமல் போவதே காரணம்.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல

உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். சுண்ணாம்பு மிகக் குறைவு, எனவே மண்ணைப் பெரிதாகக் காரமாக்காது. சாம்பல் சத்தும் சொற்பம். நெல் சிலிக்காவை விரும்பி எடுக்கும் பயிர். தண்டு உறுதிப்படும், பூச்சி, குலைநோய் எதிர்ப்பு கூடும். நாற்றங்காலில் உமிச் சாம்பல் போட்டால் நாற்றைப் பிடுங்குவதும் எளிது. வறட்டிச் சாம்பலிலும் சிலிக்கா அதிகம், விறகுச் சாம்பலைவிட வீரியம் குறைவு.

நிலக்கரிச் சாம்பல் வேறு ஜாதி. அதில் செடிக்கு வேண்டாத உலோகங்கள் இருக்கும்; காய்கறித் தோட்டத்துக்கு வேண்டாம். பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், மருந்தேற்றிய பலகை, பிளாஸ்டிக் கலந்த குப்பை எரித்த சாம்பலும் கூடவே கூடாது. ஈயம், ஆர்சனிக், குரோமியம் எல்லாம் எரிந்து போகாது, சாம்பலில்தான் தங்கும். டீக்கடைச் சாம்பல் வாங்கும்போது அடுப்பில் என்ன எரிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக் கருவேலம், புளி, வேம்பு என்றால் பயமில்லை. பழைய கதவு, பெட்டிப் பலகை என்றால் வேண்டாம்.

சேமிக்கும் சாம்பலை மழை படாமல் மூடிய தகர டப்பாவில் வையுங்கள். சாம்பல் சத்து தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். நனைந்த சாம்பலில் சுண்ணாம்பு மட்டுமே மிஞ்சும். கங்கு முழுக்க அணைந்ததா என்று பார்த்த பிறகே அள்ளுங்கள். மேலே ஆறினாற்போல் தெரிந்தாலும் உள்ளே நெருப்பு நெடுநேரம் கிடக்கும்.

மல்லிகையைத் தேற்றும் வழி

முதலில் சாம்பலை நிறுத்துங்கள். தொட்டியின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்தெடுத்துவிட்டு, மக்கிய தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்புங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பை இறக்குங்கள்.

பிறகு, இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும் அரை எலுமிச்சம்பழச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். கலந்தவுடன் தெளிக்க வேண்டும். கரைசல் இளம்பச்சையாக இருக்கும்வரை பலன் உண்டு; துருநிறத்துக்கு மாறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடத்தான். 15 நாள் இடைவெளியில், புதுக் கொழுந்து பச்சையாக வரும்வரை தொடருங்கள். ஏற்கெனவே வெளுத்துப்போன இலைகளைவிடப் புதுத் துளிரைப் பார்த்தே பலனை முடிவு செய்யுங்கள். அன்னபேதியைக் கார மண்ணில் வெறுமனே போட்டால் வீண். தொழு உரத்தோடு கலந்து வைத்துப் போட்டால் ஓரளவு பயன்படும்.

தக்காளிக்கும் மேல்மண்ணை மாற்றி, நல்ல தண்ணீர் விட்டாலே பாதி தேறிவிடும். அதில் காயின் அடிப்பாகம் கறுத்துப்போனால், சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று மறுபடி சாம்பலைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் தொட்டியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேராது; தண்ணீரைச் சீராக விட்டால் சரியாகும்.

கரிசலில் சாம்பலுக்கு வேலையே இல்லையா?

உண்டு, மண்ணுக்கு வெளியே. அவரையில் அசுவினி மொய்க்கும்போதும், பூசணி, பீர்க்கின் இளஞ்செடியைச் செவ்வண்டு கடிக்கும்போதும் சலித்த சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து, காலைப் பனி ஈரத்தில் இலைமேல் தட்டுங்கள். மென்மையான உடலுள்ள பூச்சிகளை அது உலர்த்தும், வண்டு கடிக்கத் தயங்கும். பூவின் மேல் விழ வேண்டாம், தேனீ வருவது குறையும். மழை பெய்தாலோ தண்ணீர் தெளித்தாலோ கழுவிக்கொண்டு போய்விடும். மெழுகுப் போர்வை உள்ள மாவுப்பூச்சியிடம் சாம்பல் அவ்வளவாக எடுபடாது.

விதைக்கு எடுத்துவைக்கும் தட்டைப்பயறு, உளுந்து, அவரையோடு சலித்த சாம்பலைத் தாராளமாகக் கலந்து வைத்தால் பயறு வண்டு பெருகாது. விதைகளின் இடுக்குகளைச் சாம்பல் அடைத்துக்கொள்வதால் வண்டு நடமாட முடியாது, உடலின் மேல்தோலும் உராய்ந்து உலர்ந்து சாகும். பேருக்கு ஒரு பிடி தூவினால் போதாது, இடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும். சேனைக்கிழங்கை வெட்டி நடும்போது வெட்டுவாயைச் சாணிக் கரைசலில் தோய்த்துச் சாம்பலில் புரட்டுவதும் பழைய, நல்ல பழக்கம்.

கடைசியாக, மண் தெரியாமல் சாம்பலைத் தொடாதீர்கள். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதில் வினிகர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது, சாம்பலுக்கு இடமில்லை. நுரைக்காவிட்டால் மட்டும் போடலாம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும். தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண்ணெடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையிலும் கார அமில நிலை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் 6-க்குக் கீழே இருந்தால் மேலே சொன்ன அளவில் போடுங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவே என்றால் பாதி அளவு, அதுவும் சாம்பல் சத்துக் குறைவு என்று அட்டை சொன்னால் மட்டும். 7-ஐத் தாண்டினால் மண்ணுக்குச் சாம்பல் வேண்டாம்.